கண்ணாடிக்கு எந்தத் தண்ணீர்?

செஞ்சிக்கு வருகிற யாத்திரிகர் மூன்று குன்றுகளையும் அவற்றை வளைத்திருக்கும் மதிலையும் காண வருகிறாரேயன்றி, ஊருக்குள் இருக்கிற கடைகளின் கண்ணாடியைக் காண வருவதில்லை. ஆயினும் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரை ஊடறுத்துப் போகிற இடத்தில், மரப்பலகையும் இரும்பு ஷட்டருமாக இருந்த முகப்புகள் நகைக்கடை, ஜவுளிக்கடை, வங்கி, கல்யாண மண்டபம் என்ற பேதமின்றி ஆளுயரக் கண்ணாடிகளாக மாறி வருவதையும், தினந்தோறும் தண்ணீர் விட்டுத் துடைத்தும் அவற்றின் மீது வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் படிந்து கிடப்பதையும், கண்ணுள்ளவர் எவரும் கவனிக்காமல் இருக்க முடியாது. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தக் கௌரவத்தைப் பெற்ற ஒரே கோட்டை செஞ்சியுடையது. அதன் பயனாக வெளியூர் ஜனங்கள் அதிகம் வரவர விடுதிகளும் உணவகங்களும் பெருகும். பெருகுகிற கட்டடம் இக்காலத்தில் கண்ணாடி இல்லாமல் எழும்புவதில்லையாதலால், கண்ணாடி துடைத்தலும் ஒரு தனித்தொழிலாக இங்கே கால் ஊன்றும் என்று எதிர்பார்ப்பதில் பிழையில்லை. அந்தத் தொழிலில் இறங்குகிற இளைஞருக்கு அழுக்கு ஒரு பிரச்சினையே அல்ல. அவர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய விரோதி, அழுக்கைப் போக்குவதற்காக அவரே வாளியில் பிடித்துக்கொண்டு வருகிற தண்ணீர்தான்.

மழையாக விழுகிறபோது ஜலத்தில் கரைந்த உப்பு என்று சொல்லத்தக்கது மிகச் சொற்பம். காற்றிலும், அதைக் காட்டிலும் அதிகமாக மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுக்கொண்டு அது மெல்லிய அமிலத்தன்மை அடைகிறது. அடைந்த பிறகு தான் போகும் வழியிலுள்ள கல்லிலிருந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்துத் தன்னோடு கூட்டிக்கொள்கிறது. செஞ்சியைச் சுற்றியுள்ள பூமி கருங்கல் பூமி. மணற்பாங்கான ஆற்றுப்படுகையில் போல நீர் பரந்து சஞ்சரிப்பதற்கு அங்கே இடமில்லாமையால், பாறையின் உளுத்த மேற்பகுதியிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும் அது நெடுங்காலம் தங்கி நிற்க நேருகிறது. எவ்வளவு காலம் கல்லோடு தங்குகிறதோ அவ்வளவுக்குக் கல்லின் குணம் அதில் ஏறுகிறது. கிணறு வற்றியதென்று ஆழ்துளை போட்டு, அதுவும் வற்றியதென்று இன்னும் ஆழமாகப் போட்டு நாம் மேலே கொண்டு வருவது பெரும்பாலும் இத்தகைய பழந்தண்ணீரைத்தான். பருப்பு வேகாத தண்ணீர், சோப்பு நுரைக்காத தண்ணீர் என்று நம் வீட்டுப் பெண்கள் ஒரு வாய் குடித்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிற இந்தக் குணத்துக்குத்தான் கடினத்தன்மை என்று பாடப்புத்தகம் பெயரிட்டிருக்கிறது.

இதில் ஒரு மயக்கம் சாமானியர்களிடையே உண்டு. கலங்கல் வேறு, கடினம் வேறு. கலங்கிய குளத்து நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்து விட்டால் மண் அடியில் படிந்து நீர் தெளிகிறது; ஆனால் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து அந்தக் கொட்டைக்கு அடங்குவதில்லை. பளிங்குபோல் தெளிந்து தோன்றுகிற ஆழ்துளைத் தண்ணீரே பல இடங்களில் மிகவும் கடினமானது.

கணக்கில் சொல்வதானால் இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு வகுத்திருக்கிற ஐ.எஸ். 10500 என்னும் தரப்படி, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை சகித்துக்கொள்ளலாம். கரைந்த உப்புகள் அனைத்தையும் சேர்த்து டி.டி.எஸ். என்று இப்போது எல்லாரும் வழங்குகிற அளவு 500க்குள் இருத்தல் நலம். வேறு வழியில்லையேல் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். மனித சரீரம் இவ்வளவு தாராளமாக நடந்துகொள்ள, கண்ணாடியோ லிட்டருக்குப் பத்து மில்லிகிராமைத் தாண்டினாலே தன் முகத்தைச் சுளிக்கத் தொடங்குகிறது. ஆயிரம் டி.டி.எஸ். உள்ள தண்ணீரை ஒரு குடம், அதாவது சுமார் 15 லிட்டர், கண்ணாடியின்மேல் ஊற்றி வெயிலில் காயவிட்டால், காய்ந்துபோனது தண்ணீர் மாத்திரமே. பதினைந்து கிராம் உப்பு எங்கும் போய்விடுவதில்லை. அதில் பெரும்பகுதி வழிந்து தரையில் விழும் என்பது வாஸ்தவமே. துளியாகத் தங்கியது, தங்கிய இடத்திலேயே வட்டமாகக் காய்ந்து, அதன்மேல் மறுநாள் துளி விழுந்து, பங்குனி சித்திரை வெயிலில் இறுகி, சில மாதங்களில் நகத்தால் சுரண்டினாலும் வராத பொருக்காகிவிடுகிறது.

இந்த நிலைக்கு வந்த கண்ணாடிக்கு நம் ஊர்களில் செய்யப்படுகிற வைத்தியம் யாவர்க்கும் தெரியும். கழிவறை கழுவுகிற ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துத் தேய்க்கிறார்கள். சுண்ணாம்புக் கறை அமிலத்தில் கரையும் என்பது உண்மையே. ஆனால் அலுமினியச் சட்டமும், கீழே பதித்த சலவைக்கல்லும், தேய்க்கிறவனுடைய விரல்களும், நுரையீரலும் அதே அமிலத்துக்கு இரையாகின்றன என்பதும் அதே அளவு உண்மை. தங்கள் கையுறையைத் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டிய நிலையிலுள்ள தினக்கூலிகளிடம் இந்தத் திரவத்தைக் கொடுத்து அனுப்புகிற முதலாளிகளை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. புதிய கறைக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். பழைய கறையை உண்டாக்காமல் இருப்பதே அதற்குச் சிகிச்சை.

உண்டாக்காமல் இருப்பதற்கு என்ன உபாயம் என்று கேட்டால், ஸாஃப்ட்னர் என்ற யந்திரத்தை வாங்கி மாட்டிவிடுங்கள் என்று விற்பனைக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பாதிதான் நியாயம். அந்த யந்திரத்திலுள்ள ரெசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாகச் சோடியத்தைத் தண்ணீரில் விடுகின்றன. ஆகவே சோப்பு நுரைக்கும், குழாயில் பொருக்கு கட்டாது, வெந்நீர்ப் பாத்திரம் பிழைக்கும். ஆனால் கரைந்திருக்கிற உப்பின் மொத்த அளவு ஏறக்குறைய அப்படியே இருப்பதால், துளி காய்ந்தால் புள்ளி விழத்தான் செய்யும். முன்னையதைவிடச் சுலபமாகத் துடைக்க வருகிற புள்ளி என்பதே வித்தியாசம். அன்றியும் ரெசின் களைத்துப் போனால் கறியுப்பைக் கரைத்து ஊற்றி அதற்கு உயிர் கொடுக்க வேண்டும்; அந்த உப்புத் தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

உயரமான கட்டடங்களில் ஏணியும் கயிறும் இல்லாமல், தரையில் நின்றபடியே நீண்ட கோலின் நுனியிலுள்ள தூரிகை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, துடைக்காமலே காயவிட்டுப் போகிற முறை ஒன்று மேல்நாடுகளில் பரவியிருக்கிறது. துடைப்பதில்லையாதலால் தண்ணீர் பரிசுத்தமாக இருந்தே தீரவேண்டும். அதற்காக அவர்கள் குழாய்த் தண்ணீரை முதலில் ஆர்.ஓ. சவ்வின் வழியாகவும் பிறகு உப்பனைத்தையும் பறிக்கிற ரெசின் குடுவையின் வழியாகவும் செலுத்தி, டி.டி.எஸ். அளவைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆயிரம் அளவிலுள்ள தண்ணீரை நேரே ரெசினில் விட்டால் விலையுயர்ந்த அந்த மணிகள் வெகுசீக்கிரத்தில் தீர்ந்துபோகும், ஆர்.ஓ. சவ்வு முன்னே நின்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை ஒதுக்கிவிட்டால் அதே ரெசின் இருபது மடங்கு உழைக்கும். ஏற்பாடு புத்திசாலித்தனமானது என்பதில் சந்தேகமில்லை. அந்தச் சவ்வின் வரலாற்றில் நமக்குச் சிறிது சொந்தமும் உண்டு. 1950களின் இறுதியில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சிட்னி லோப் என்பவரோடு சேர்ந்து உபயோகத்துக்குத் தகுந்த சவ்வை முதன்முதலில் செய்து காட்டியவர் இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சவுரிராஜன். 1965இல் அங்கே கோலிங்கா என்ற ஊருக்குக் குடிநீர் கொடுத்த அந்த வித்தை, சுமார் நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மீஞ்சூரிலும் பிறகு நெம்மேலியிலும் கடல்நீரைச் சென்னைக்குக் குடிநீராக்கிக் கொடுத்தது.

வித்தையைக் குறை சொல்வதற்கில்லை. அதைச் செஞ்சியில் எதற்குப் பிரயோகிக்கிறோம் என்பதே கேள்வி. சிறிய ஆர்.ஓ. யந்திரங்கள் பலவற்றில் ஒரு குடம் சுத்தத் தண்ணீர் கிடைப்பதற்குள் இரண்டு மூன்று குடம் கழிவாக வெளியேறுகிறது. குடிப்பதற்கு வேறு நாதியில்லாத இடத்தில் அந்தச் செலவு மன்னிக்கத்தக்கது. டி.டி.எஸ். 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் வீட்டு ஆர்.ஓ. யந்திரங்களைத் தடை செய்ய வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ஆம் ஆண்டிலேயே கூறியிருப்பதை நினைத்துப் பார்த்தால், குடிக்கிற தண்ணீருக்கே எல்லை வகுக்க வேண்டிய நாட்டில், ஜவுளிக்கடைக் கண்ணாடி பளபளப்பதற்காக ஆழ்துளையிலிருந்து நான்கு குடம் இறைத்து மூன்றைச் சாக்கடையில் விடுவது எப்படி யோக்கியமான தொழிலாகும் என்று எனக்கு விளங்கவில்லை. சாக்கடையில் விட்டதும் அது மறைந்துவிடுவதில்லை. முன்னிலும் உப்பு மிகுந்து மண்ணில் இறங்கி, அடுத்த வீட்டுக் கிணற்றில் எழுந்து நிற்கிறது.

இந்த ஊரில் இதைப் பேசுவதில் ஒரு விசேஷ நியாயம் உண்டு. முகலாய சேனாபதி ஜுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, உள்ளே இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமும் அவருடைய படையும் அத்தனை காலம் தாக்குப்பிடித்தது பீரங்கியால் மட்டுமன்று. மூன்று குன்றுகளில் ஒன்றான ராஜகிரியின்மேல் வற்றாத இரண்டு ஊற்றுகளும், அவற்றின் கீழே மழைநீரைத் தேக்கி வைப்பதற்கான மூன்று சுனைத் தொட்டிகளும் உண்டு. அடிவாரத்தில் சக்கரக்குளமும் செட்டிகுளமும் இருக்கின்றன. கல்யாண மகாலுக்குத் தூரத்திலுள்ள நீர்நிலையிலிருந்து சுடுமண் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறார்கள். சாமர்த்தியத்தைப் பார்த்து வியக்கிற நாம் அதன் அடிப்படையைக் கவனிப்பதில்லை. மலையே அவர்களுக்குக் கூரையாக இருந்தது. வழுக்குப் பாறையின்மேல் விழுகிற மழை மண்ணுக்குள் புகுந்து கல்லோடு நெடுங்காலம் உறவாடுவதற்கு முன்பே அதைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ரசாயன சாஸ்திரம் தெரிந்து செய்தார்கள் என்று நான் பெருமை பேச வரவில்லை. தாகத்துக்குப் பயந்து செய்தார்கள். பலன் என்னவோ மென்னீர்தான்.

நம்முடைய கூரைகளும் மலைதான். நூறு சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கூரையின்மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது நூறு லிட்டர். விழுப்புரம் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீட்டர் மழை பெய்கிறதென்று வைத்துக்கொண்டு, ஐந்தில் ஒரு பங்கைச் சேதாரமாகத் தள்ளினாலும், எண்பதாயிரம் லிட்டர் தேறுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, இங்கிருந்து வெகுதூரமில்லாத மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவில் மழை கொட்டியது. அன்று அவ்வட்டாரத்து ஒரு சாதாரண வீட்டுக் கூரை ஐம்பதினாயிரம் லிட்டர் தண்ணீரைத் தெருவில் தள்ளியிருக்கும். அத்தனையும் கடைத்தெருக் கண்ணாடிக்கு வேண்டிய குணமுள்ள தண்ணீர். வெள்ளத்தில் வீடிழந்தவர்களை வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்றுதான். ஆனால் வெள்ளமும் வறட்சியும் ஒரே ஆண்டில் ஒரே தெருவுக்கு வருகிற தேசத்தில், தேக்கி வைப்பது எல்லாவற்றுக்கும் முந்திய காரியம் என்பதைச் சொல்ல வேறு சந்தர்ப்பம் எது?

தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டுமென்று 2003இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி போட்ட குழாய்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பூமிக்குள் அனுப்புகின்றன. நிலத்தடி நீர் உயர்வதற்கு அது அவசியமே. அதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் பூமிக்குள் போன தண்ணீர் மீண்டும் கல்லின் குணத்தை ஏற்றுக்கொண்டுதான் மேலே வரும். கூரையில் விழுந்ததில் ஒரு சிறு பாகத்தை மண்ணைத் தொடாதபடி தொட்டியில் பிடித்து வைத்தால், ஆர்.ஓ. யந்திரம் மின்சாரத்தையும் மூன்று குடத்தையும் செலவிட்டுச் செய்கிற வேலையை மேகமே செய்து கொடுத்துவிட்டதாக ஆகும். நல்ல மழைநீரின் டி.டி.எஸ். பெரும்பாலும் சில பத்துகளுக்கு மேல் போவதில்லை. கடைசியில் ஒரு சிறு ரெசின் குடுவை போதும், அதுவும் நெடுநாள் உழைக்கும்.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. மாடியில் காக்கை எச்சமும் வேப்பிலையும் தூசும் இருக்கும். முதல் மழையைப் பிடிக்காமல் ஓடவிட்டு, பிறகு வருவதை மணல் வடிகட்டியிலும் அதன்பின் நுண்ணிய பஞ்சு வடிகட்டியிலும் விட்டாலன்றி ரெசின் அடைத்துக்கொள்ளும். புதிய சிமெண்டுத் தளம் தானே சிறிது சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுக்கும். தகரக் கூரையில் அந்தத் தொல்லை இல்லை. தொட்டி வெளிச்சம் புகாமலும் கொசு நுழையாமலும் மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக்கு வைத்தியம் செய்யப் போய் தெருவுக்கு டெங்குவைக் கொண்டு வந்தவராவோம். இவையெல்லாம் கையால் தீர்க்கக்கூடியவை. தீர்க்க முடியாத ஆட்சேபம் ஒன்றுதான்: தை கழிந்தால் ஆடி வரை வானம் பெரும்பாலும் மௌனம். கோல் முறையில் நாளொன்றுக்கு முந்நூறு லிட்டர் செலவாகிறதென்றால், மாதம் இருபத்தைந்து நாள் வேலையாக ஐந்து மாதத்துக்கு முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு லிட்டர் வேண்டும். அவ்வளவு பெரிய சம்ப் கட்ட முதலில்லாத தொழிலாளி என்ன செய்வார்?

முந்நூறு லிட்டர் செலவழிக்காமல் இருப்பார் என்பது என் பதில். செஞ்சியில் கண்ணாடி வைத்த கட்டடங்களில் பல இரண்டு மாடிக்கு மேல் போவதில்லை. கைக்கும் ஏணிக்கும் எட்டுகிற கண்ணாடிக்குப் பரிசுத்த ஜலமே தேவையில்லை. ரப்பர் விளிம்புள்ள வைப்பரை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில், கைம்மணிக்கட்டைத் திருப்பிப் பாம்பு வளைவாகக் கொண்டுவரத் தெரிந்தவன் கண்ணாடியில் ஒரு துளியையும் விட்டு வைப்பதில்லை; துளி இல்லாத இடத்தில் காய்ந்து புள்ளியாவதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சிறு கருவிக்கு இன்றைய உருவத்தை 1930களில் அமெரிக்காவில் கொடுத்தவர் எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியக் குடியேறி. கண்ணாடி துடைத்தே பிழைத்தவர். அவ்வித்தையில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வாளி போதும். ஆகவே எட்டுகிற இடத்துக்குக் கையும் எட்டாத இடத்துக்குக் கோலும் என்று பிரித்துக்கொண்டால், கோடைக்கு வேண்டிய மென்னீர் சில ஆயிரம் லிட்டர்களுக்குள் அடங்கிவிடும். வாளியில் சோப்பு நுரைப்பதற்கும் அதில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். யந்திரம் விற்கிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்; கை வித்தையை விற்பதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை.

இவ்வளவும் செய்து, கோடையின் கடைசியில் தொட்டி வறண்டு, ஆர்.ஓ. தண்ணீர் வாங்கியே தீரவேண்டுமென்ற நிலை வந்தால் வாங்கட்டும். ஆனால் கேன் தண்ணீர் ஆலைகளின் கழிவு நீரைத் தனித் தொட்டியில் பிடித்து, கழிவறைக்கோ தரை கழுவவோ கட்டட வேலைக்கு முன் செங்கல் நனைக்கவோ அனுப்புகிற ஏற்பாட்டைப் பேரூராட்சி உரிமத்தின் நிபந்தனையாகவே ஆக்க வேண்டும். மிகவும் உப்பேறிய கழிவைத் தோட்டத்துக்கு விடுவது மண்ணைக் கெடுக்கும் என்பதால் அந்த யோசனையை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன்.

கண்ணாடியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2024இல் மத்திய அரசு மானியத் திட்டம் அறிவித்ததிலிருந்து சூரிய மின்தகடுகள் வீட்டு மாடிகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன. தகட்டின் முகமும் கண்ணாடியே. ஆழ்துளைத் தண்ணீரை ஹோஸ் பைப்பில் பிடித்து நடுப்பகலில் அதன்மேல் அடித்தால் பொருக்குப் படிந்து வெளிச்சத்தை மறைக்கிறது, மின்சாரம் குறைகிறது, கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டு விரிசல் விழவும் கூடும். விடியற்காலையில், மென்னீரால் கழுவ வேண்டும். தகடு மாட்டுகிற அதே மாடியில் மழைநீர்த் தொட்டி ஒன்றும் வைத்துக் கொடுக்கும்படி மாட்டுகிறவர்களிடம் கேட்கிற வீட்டுக்காரர் இரண்டு செலவை ஒன்றாக முடித்துக்கொள்கிறார். கண்ணாடி துடைக்கிற தொழிலாளிக்கும் இதனால் மாதவேலை கிடைக்கும்.

வங்கிகளும் அரசாங்க அலுவலகங்களும், இனி கோட்டையைச் சுற்றி எழப்போகிற பயணிகள் விடுதிகளும், துப்புரவு ஒப்பந்தம் விடும்போது இப்போது கேட்கிற ஒரே கேள்வி சதுர அடிக்கு எவ்வளவு என்பதுதான். எந்தத் தண்ணீரால் கழுவுவீர்கள், அதன் டி.டி.எஸ். என்ன, கழிவு எங்கே போகும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால், ஆசிட் பாட்டிலோடு வருகிறவரும் சாக்கடையில் மூன்று குடம் விடுகிறவரும் தாமே விலகிக்கொள்வார்கள். தண்ணீரின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டு டி.டி.எஸ். காட்டுகிற பேனா அளவுள்ள மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாளியில் தோய்த்து எண்ணைப் படிக்க அலுவலகக் காவலாளியால்கூட முடியும்.